ஆப்பத்துக்கு ஒரு உறை: தேங்காய்த் தண்ணீரில் முதல்நாள் வேலை

ஆடித் தபசுக்கு மறுநாள் காலை. சங்கரன்கோவிலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கோமதி அம்மனின் தபசுக் காட்சியைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் பதினைந்து பேர் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டார்கள். காலைப் பலகாரம் ஆப்பமும் தேங்காய்ப் பாலும் என்று முதல்நாளே முடிவாகிவிட்டது. அரிசி ஊறி, அரைத்து, பெரிய பாத்திரத்தில் மாவு மூடி வைத்தாயிற்று.

விடிகாலை ஐந்து மணிக்கு மருமகள் மூடியைத் திறந்து பார்க்கிறாள்.

"அத்தை, மாவு அப்படியே கெடக்கு. ஒரு பொட்டு நுரைகூட இல்ல."

"ராத்திரி ஈஸ்ட் போட்டேன்னு சொன்னியே?"

"போட்டேன் அத்தை. பாக்கெட்ல இருந்தது மொத்தத்தையும் போட்டேன்."

"எப்ப வாங்குன பாக்கெட்டு?"

"பொங்கலுக்கு முன்னாடி. அடுப்புக்கு மேல அலமாரியில இருந்தது."

"அப்ப அது செத்துப்போச்சு தாயி."

கடைசியில் அன்றைக்குக் கைகொடுத்தது ஆப்ப சோடா. பதினைந்து பேரும் சாப்பிட்டார்கள், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஆப்பத்தில் அந்த வாசனை இல்லை. நடுவில் பஞ்சும் இல்லை, ஓரத்தில் முறுகலும் இல்லை. அத்தைக்கும் மருமகளுக்கும் அது தெரியும்.

இது எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். இரண்டு கிலோ அரிசி மாவைக் கரைத்து வைத்த பிறகு, ஈஸ்ட் உயிரோடு இல்லை என்று காலையில் தெரிந்து என்ன பயன்? அதை முதல்நாளே, ஒரே ஒரு டம்ளரில் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, அதே மாதிரி ஆப்பத்துக்கும் ஒரு உறை.

இட்லிக்கு வேண்டாதது ஆப்பத்துக்கு ஏன்?

இட்லி மாவுக்கு யாரும் எதையும் சேர்ப்பதில்லை. உளுந்தும் அரிசியும் அரைத்து உப்புப் போட்டுக் கையால் கலந்து வைத்தால் தானாகப் பொங்கும். அதற்குக் காரணம் உளுந்தோடு வரும் பாக்டீரியாக்கள். அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு லியூகோநாஸ்டாக் என்று பெயர். அவை புளிப்பையும் தருகின்றன, மாவைத் தூக்கும் வாயுவையும் தருகின்றன. அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு.

ஆப்ப மாவில் உளுந்து இல்லை, இருந்தாலும் ஒரு கைப்பிடிதான். மீதி எல்லாம் பச்சரிசியும் தேங்காயும். ஆகவே ஆப்பத்தைப் பொங்க வைக்க வேறு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஈஸ்ட்.

ஈஸ்ட் என்பது ஒரு நுண்ணுயிர். காளான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே ஒரு செல்தான் அதன் மொத்த உடம்பு. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுமார் 100 முதல் 200 செல்களை வரிசையாக நிறுத்தலாம். சர்க்கரையைச் சாப்பிடும், கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியே விடும். வாயு மாவில் கண் கண்ணாக ஓட்டை போடும். ஆல்கஹாலும் அதோடு உண்டாகும் மற்றப் பொருட்களும்தான் ஆப்பத்துக்கு அந்த வாசனையைத் தருகின்றன.

ஆப்ப சோடா செய்வது பாதி வேலைதான். வாயுவை மட்டும் உடனே தரும், வாசனையைத் தராது. கொஞ்சம் கூடிப்போனால் ஆப்பம் மஞ்சள் அடித்து, சோப்பு வாடை வந்துவிடும்.

அந்தக் காலத்து உறை: கள்

பாட்டிமார் காலத்தில் ஆப்பத்துக்குச் சேர்த்தது கள். பனங்கள்ளோ தென்னங்கள்ளோ அரை டம்ளர் ஊற்றி மாவைக் கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். கள் என்பது குடிப்பதற்கு மட்டுமான பொருளாக இருக்கவில்லை. சமையலறையில் அது உயிருள்ள ஈஸ்ட் நிறைந்த ஒரு உறை.

பாளையைச் சீவிய இடத்திலிருந்து சொட்டும் சாறு முதலில் வெறும் இனிப்புத் தண்ணீர்தான். அதில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். காற்றிலும் மரத்திலும், முக்கியமாக ஏற்கெனவே கள் ஊறிய கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்தவுடன் வேலை தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நுரை கட்டும். ஒரு நாள் கழிந்தால் புளித்துக் காடியாகிவிடும்.

அதே சாறு பதநீராக வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருக முடியாது, சாறு இனிப்பாகவே நிற்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். ஈஸ்டை எப்படி வளர்ப்பது, எப்படி நிறுத்துவது என்ற இரண்டும் பனையேறிகளுக்குக் கைவந்த கலை.

இந்த உறை தமிழ்நாட்டுச் சமையலறையிலிருந்து போனதற்குக் காரணம் சட்டம். 1937இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. சேலம் மாவட்டத்தில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்து கடைகள் திறந்தன, சில ஆண்டுகளில் மூடப்பட்டன. 1981இல் மறுபடி திறந்தன. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கவோ விற்கவோ அனுமதி இல்லை.

தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். செங்கோட்டையைத் தாண்டி மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளம். அங்கே கள்ளுக்கடைக்கு அரசு உரிமம் உண்டு, கள் சேர்த்த ஆப்பமும் உண்டு. மலைக்கு இந்தப் பக்கம் அதே ஆப்பத்துக்கு வேறு வழி தேடவேண்டும்.

அந்த வழியை இந்தப் பக்கத்துப் பெண்கள் கண்டுபிடித்துப் பல காலம் ஆகிவிட்டது. தேங்காய் உடைக்கும்போது வரும் தண்ணீரைக் கீழே கொட்டாமல் ஒரு டம்ளரில் பிடித்து, கொஞ்சம் சர்க்கரை போட்டு, ராத்திரி முழுக்க வைத்துவிடுவது. மறுநாள் அது நுரைத்து, லேசாகக் கள் வாசனை அடிக்கும். அதை ஊற்றி ஆப்ப மாவு அரைப்பது.

பீர் காய்ச்சுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அமெரிக்காவில் அதற்கான சட்டம் 1978இல் வந்தது. அங்கே அது ஒரு பெரிய பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அதனால் அவர்களின் பீர் நமக்கு வேண்டாம். பீருக்கு முந்தைய நாள் அவர்கள் செய்யும் ஒரு வேலை மட்டும் நமக்கு வேண்டும்.

20 லிட்டர் பீருக்குச் சுமார் 18,000 கோடி ஈஸ்ட் செல்கள் தேவை என்பது அவர்கள் கணக்கு. கடையில் வாங்கும் திரவ ஈஸ்ட் பொட்டலத்தில், புதிதாக இருந்தாலே, சுமார் 10,000 கோடிதான் இருக்கும். பழசாகப் பழசாக அதிலும் பல செத்துப்போகும். குறைவான ஈஸ்டை 20 லிட்டரில் கொட்டினால் அது பெருகி வேலையைத் தொடங்குவதற்குள் கெட்ட கிருமிகள் முந்திக்கொள்ளும். மொத்தமும் வீண்.

அதனால் என்ன செய்கிறார்கள்? ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் பொடியைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவைத்து, அதில் ஈஸ்டைப் போடுகிறார்கள். ஒன்றிரண்டு நாள் அவ்வப்போது குலுக்கிவிடுகிறார்கள். ஈஸ்ட் அந்தச் சின்னப் பாத்திரத்தில் சாப்பிட்டுப் பெருகுகிறது. நுரை கட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெரிய பாத்திரத்துக்குப் போகிறது. நுரைக்கவில்லை என்றால் ஒரு லிட்டரோடு நஷ்டம் முடிந்தது.

இந்த எச்சரிக்கை உணர்வு வர உலகத்துக்கு வெகுகாலம் ஆயிற்று. 1680இல் ஹாலந்து நாட்டின் லேவன்ஹுக், தன் உருப்பெருக்கியில் பீரைப் பார்த்தபோது சின்னச் சின்ன உருண்டைகளைக் கண்டார். அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தெரியவில்லை. 1837இல்தான் ஜெர்மனியின் தியோடர் ஷ்வான், அவை சர்க்கரையைத் தின்று வளரும் உயிர்கள் என்று எழுதினார். 1876இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். பீர் கெட்டுப்போவதற்குக் காரணம் வேண்டாத கிருமிகள் என்பதை அதில் விளக்கினார்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பீர் கசந்து கெட்டுப்போயிற்று. அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், நல்ல ஈஸ்டோடு கெட்ட ஈஸ்டும் கலந்துவிட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். ஒரே ஒரு நல்ல செல்லைத் தனியாகப் பிரித்து, அதைச் சின்னக் குடுவையில் பெருக்கி, பிறகு பெரிய தொட்டிக்குக் கொண்டுபோனார். 1883இல் அந்தச் சுத்தமான ஈஸ்டில் பீர் தயாரானது. இன்றைக்கு பேக்கரி ஈஸ்டையும் இப்படித்தான், சின்னதில் தொடங்கிப் பெரிதாக்கி உற்பத்தி செய்கிறார்கள்.

எப்படிச் செய்வது?

சமையலறையில் இதற்குத் தேவையானவை:

முற்றிய தேங்காயின் தண்ணீர் – 200 மி.லி. (இரண்டு தேங்காயில் கிடைக்கும்)
சர்க்கரை – 2 டீஸ்பூன்
கடை ஈஸ்ட் – நான்கைந்து மணி மட்டும் (விருப்பப்பட்டால்)

தேங்காயை உடைத்தவுடன் தண்ணீரை மோந்து பாருங்கள், ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். காறல் வாடையோ, வழுவழுப்போ, நிறமாற்றமோ இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், அந்தத் தேங்காயும் வேண்டாம்.

கண்ணாடி பாட்டிலை வெந்நீரில் கழுவி ஆறவிடுங்கள். தேங்காய்த் தண்ணீரை வடிகட்டி ஊற்றி, சர்க்கரையைக் கரையுங்கள். சர்க்கரை எதற்கு? முற்றிய தேங்காயின் தண்ணீரில் இனிப்புக் குறைவு. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் இருக்கும். பனஞ்சாற்றோடு ஒப்பிட்டால் கால்வாசி. ஈஸ்டுக்குச் சாப்பாடு போதாது. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை அந்தக் குறையைச் சரிசெய்யும்.

மூடியை இறுக்கிப் பூட்டாதீர்கள். இது முக்கியம். உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போகும். இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டில் வெடித்துவிடும். மெல்லிய துணியைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டால் போதும்.

படுக்கப் போகும்வரை இரண்டு மூன்று முறை சுத்தமான கரண்டியால் கலக்கிவிடுங்கள். பீர்க்காரர்கள் குலுக்குவது இதற்குத்தான். ஈஸ்ட் பெருகுவதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும்.

12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். பாட்டிலின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும். லேசாக ஆட்டினால் சோடா மாதிரி நுரைத்து எழும். தண்ணீர் கலங்கலாகி, கனிந்த பழ வாசனையோ லேசான கள் வாசனையோ வரும். உறை தயார்.

குமிழி இல்லையா? இன்னும் 12 மணி நேரம் கொடுங்கள். உடைக்காத நல்ல தேங்காய்க்குள் இருக்கும் தண்ணீரில் கிருமியே கிடையாது. வெளியே வந்த பிறகு காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் ஈஸ்ட் சேர்ந்தால்தான் உண்டு. அதனால்தான் முதல் தடவை சில வீடுகளில் சீக்கிரம் நுரைக்கும், சில வீடுகளில் தாமதமாகும். நிச்சயமாக வேண்டும் என்றால் கடை ஈஸ்டில் நான்கைந்து மணியைத் தூவுங்கள். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

நான்கைந்து மணி எப்படிப் போதும்? நல்ல சூட்டில், நல்ல சாப்பாட்டோடு இருக்கும் ஈஸ்ட் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, 12 மணி நேரத்தில் ஆறு முறை இரட்டிப்பானால் ஒன்று 64 ஆகிவிடும். தொடக்கத்தில் விழித்தெழச் சில மணி நேரம் எடுக்கும் என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையலாம். அதனால்தான் ராத்திரி முழுக்க நேரம் கொடுப்பது.

பாக்கெட் ஈஸ்ட் மட்டும் இருந்தால்

தேங்காய்த் தண்ணீர் இல்லை, நேரமும் இல்லை என்றால் பாக்கெட் ஈஸ்டிலும் இதே சோதனையைச் செய்யலாம். கால் மணி நேரம் போதும்.

அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட். கலந்து மூடி வையுங்கள். 10 முதல் 15 நிமிடத்தில் மேலே நுரைத் தொப்பி கட்டினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 'ரெண்டு ஸ்பூன் சேர்த்துப் போட்டா சரியாயிடும்' என்ற நினைப்பு வேண்டாம். செத்தது செத்ததுதான்.

வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு? சுண்டுவிரலை விட்டால் இதமாக இருக்கவேண்டும், சுடக்கூடாது. 35 முதல் 40 டிகிரி செல்சியஸ். 50 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். டீக்குக் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவைத்து ஊற்றுவதால்தான் பல வீடுகளில் ஆப்பம் கெட்டுப்போகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரிதான் ஈஸ்டுக்கு வீட்டிலேயே மோசமான இடம். சூடும் ஆவியும் தினமும் அங்கேதான் போகின்றன.

மாவு அரைக்கும் முறை

இரண்டு டம்ளர் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். முக்கால் டம்ளர் தேங்காய்த் துருவல், அரை டம்ளர் சோறு சேர்த்து, தண்ணீருக்குப் பதிலாக நுரைத்த தேங்காய்த் தண்ணீரை ஊற்றி நைசாக அரையுங்கள். மிக்ஸி சூடேறினால் நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். அந்தச் சூடும் ஈஸ்டுக்கு ஆகாது.

சோறு ஏன்? ஈஸ்டுக்குச் சர்க்கரையைத்தான் தின்னத் தெரியும், பச்சை மாவை அப்படியே தின்னத் தெரியாது. வெந்த மாவு சுலபமாக உடைந்து சர்க்கரையாகும். சில வீடுகளில் அரைத்த மாவில் இரண்டு கரண்டி எடுத்துக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்துச் சேர்ப்பார்களே, அதுவும் இதற்குத்தான். ஆப்பத்துக்கு மென்மையும் அதில்தான் வருகிறது.

பாத்திரத்தில் பாதிக்குமேல் மாவை ஊற்றாதீர்கள், பொங்குவதற்கு இடம் வேண்டும். எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஆறு மணி நேரமே போதும். ஆடிக் காற்றடிக்கும் நாட்களிலும் மார்கழியிலும் பத்து மணி நேரம்வரை ஆகலாம். ஈஸ்டுக்குப் பிடித்தது 25 முதல் 35 டிகிரி சூடு. உப்பைக் காலையில் போடுங்கள். அதிக உப்பு ஈஸ்டின் வேகத்தைக் குறைக்கும்.

காலையில் உப்பும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள், அடித்துக் கலக்கினால் வாயு போய்விடும். ஆப்பச்சட்டி காய்ந்ததும் ஒரு கரண்டி ஊற்றிச் சுழற்றி, மூடி போட்டு, நடுத்தரத் தீயில் வேகவிடுங்கள். ஓரம் பொன்னிறமாகச் சட்டியைவிட்டு விலகினால் எடுத்துவிடலாம்.

எப்போது கொட்டிவிட வேண்டும்?

நுரை, லேசான புளிப்பு வாசனை, வெள்ளைக் கலங்கல் எல்லாம் நல்ல அறிகுறிகள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என எந்த நிறத்தில் புள்ளி தெரிந்தாலும், மேலே பஞ்சு மாதிரிப் பூஞ்சை படர்ந்தாலும், அழுகல் வாடை அடித்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவது ஆபத்து.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. டென்மார்க்கில் 69 வயதுக்காரர் ஒருவர், மேல்மட்டை சீவிய பிறகு பல நாட்கள் வெளியிலேயே இருந்த தேங்காயின் தண்ணீரைக் குடித்து இறந்துபோனதை 2021இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. சுவை சரியில்லை என்று அவர் கொஞ்சம்தான் குடித்திருந்தார். அந்தத் தேங்காய்க்குள் வளர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம். சமைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்கவேண்டாம். பூஞ்சை நஞ்சுகள் பலவும் சமையல் சூட்டுக்கு அழிவதில்லை.

ஆகவே கணக்கு இதுதான்: அன்றைக்கு உடைத்த நல்ல தேங்காய், கழுவிய பாட்டில், அதிகபட்சம் 24 மணி நேரம். அதற்குள் நுரைக்காவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். போனது ஒரு டம்ளர் தண்ணீர்தானே!

அடுத்த தடவைக்கு

நுரைத்த தேங்காய்த் தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்து, சின்னப் பாட்டிலில் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் அடுத்த ஆப்பத்துக்குப் புதிய தேங்காய்த் தண்ணீரில் அதை ஊற்றினால் 12 மணி நேரம் காத்திருக்கவேண்டாம், ஐந்தாறு மணி நேரத்திலேயே நுரைத்துவிடும். கள் ஊறிய பழைய கலயம் அடுத்த நாள் சாற்றைச் சீக்கிரம் கள்ளாக்குவதும் இப்படித்தான். உறைமோர் எடுத்துவைப்பதும் இதேதான். நான்கைந்து தடவைக்கு ஒருமுறை பழையதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. வேண்டாத கிருமிகள் சேர்ந்துகொண்டே போகும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

ஆப்பத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். மாவில் உண்டாகும் ஆல்கஹால் மிகக் குறைவு, அதிலும் பெரும்பகுதி சூடான சட்டியில் ஆவியாகிவிடும். ரொட்டியிலும் இதே ஈஸ்ட் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் நுரைத்த தேங்காய்த் தண்ணீரைக் குடிக்கக்கூடாது, பெரியவர்களும்தான். இனிப்பாக இருக்கிறதே என்று பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடாத இடத்தில் வையுங்கள். இது மாவுக்கான உறை, அவ்வளவுதான்.

இனி சங்கரன்கோவில் வீட்டுக்கு வருவோம். தபசு முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போயாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுபடி ஆப்பம் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி, கூட்டுக்குத் தேங்காய் உடைத்தபோது மருமகள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சர்க்கரை போட்டு, துணி கட்டி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் அத்தை பாட்டிலை எடுத்து லேசாக ஆட்டிப் பார்க்கிறாள். நுரை கழுத்துவரை ஏறி இறங்குகிறது.

"என்னத்த, சரியா இருக்கா?"

"வாசனை வந்துட்டு தாயி. அரிசியை நனைச்சுப் போடு."